கோப்பன்ஹேகன் – வியன்னா: ஒரு மணி நாற்பது நிமிடம்

கோப்பன்ஹேகனிலிருந்து வியன்னா எண்ணூற்று எழுபத்தேழு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம் என்று அந்த இணையப் பக்கம் சொல்லும். எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் அதையேதான் சொல்லும். பூலோகநாதன் அதைக் கேட்காத கிழமை இல்லை. சலவைத் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் கேட்டிருக்கிறார், பஸ்ஸில் கேட்டிருக்கிறார், வீட்டில் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டும் கேட்டிருக்கிறார். பதில் வந்ததும் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தூரம் தெரிந்துவிட்டதே, அதுவே பாதிப் பயணம் என்பது போல ஒரு திருப்தி. மனுஷன் அப்படித்தான் தன்னைத் தானே ஏய்த்துக்கொண்டு காலம் தள்ளினார். இன்றைக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. ஓகஸ்ட் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, ஐம்பத்தாறு வயதில், ஜன்னலோர இருக்கையில், வயிற்றுக்குக் குறுக்கே பட்டியைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறும்போது சீட்டை வாங்கிப் பார்த்த பெண் "நல்ல பயணம், மிஸ்டர் ரத்னகோபால்" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். இருபத்தொன்பது வருடமாக அந்தப் பெயருக்குத் தலையாட்டிப் பழகிவிட்டது. சம்பளச் சீட்டில், ஆஸ்பத்திரியில், டென்மார்க் கடவுச்சீட்டில், எல்லாவற்றிலும் அவர் இரத்தினகோபால். ஊர்ச் சனத்துக்கும் பெண்சாதிக்கும் பூலோகம். கார்ட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர் என்று வாழ்கிற தமிழர் ஐரோப்பாவில் எத்தனையோ பேர். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அது யாருடைய பெயர் என்று கேட்பதும் இல்லை. யாராவது ஒருத்தர் கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அவருக்குச் சில நேரம் தோன்றும். இரத்தினகோபால் என்று ஒருவன் இருந்தான். ஊரில், சித்தங்கேணியில், அடுத்த வீட்டு வளவுக்காரன், அவரைவிட மூன்று வயது மூத்தவன். வியன்னாவில் இருக்கிற ரஞ்சிதமலரின் புருஷன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மணவறையில் இருக்கப்போகிற நிதுஷனின் அப்பன்.

விமானம் பின்னால் நகர்ந்து, பிறகு யோசித்துக்கொண்டு நிற்பது போல நின்றது. பக்கத்து இருக்கையில் ஒரு டேனிஷ்காரி, எழுபது வயதிருக்கும், குறுக்கெழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தாள். கைப்பிடியை அவர் இறுக்கியிருந்த இறுக்கலில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. "பறக்கப் பயமா?" என்று கேட்டாள். ஓம் என்றார். வேறு என்ன சொல்வது? இறங்கத்தான் பயம் என்று சொன்னால் அவளுக்கு விளங்குமா? "என் புருஷனுக்கும் பயம்தான். வேண்டுமானால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் அப்படித்தான் செய்வார்" என்று வெகு சாதாரணமாகக் கையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார். மரியாதைக் கேடுதான். ஆனால் யாருடைய கையையும் பிடிப்பதற்கு அவருக்கு அருகதை இல்லை என்பதை டேனிஷ் மொழியில் எப்படிச் சொல்வது? கையைப் பற்றி நினைக்கக் கூடாது. அது ஐம்பதாவது நிமிடத்தில் வரும். மகளின் பழைய பள்ளிக்கூட வரைபடத்தில் அடிமட்டம் வைத்து இரண்டு நகரத்துக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுத்துப் பார்த்திருந்தார். கோடு நேராக அந்த ஆற்றை வெட்டிக்கொண்டு போனது. நெய்சே ஆறு, போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஓடுவது. கிலோமீட்டரைப் பெருக்கிப் பிரித்துப் பார்த்தால் எழும்பி ஐம்பதாவது நிமிடம், முன்பின் ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் நினைப்பதற்கு வேறு விஷயங்கள் கிடக்கின்றனவே.

ரஞ்சிதமலரின் பேச்சை நினைக்கலாம். மே மாதம் அவள் போன் எடுத்தபோது அவர் தொழிற்சாலையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். "அண்ணை, தம்பி நிதுஷனுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. தேப்பன்ரை இடத்திலை நிண்டு நீங்கள்தான் தலைப்பா கட்டவேணும். வேறை ஆர் எனக்கு இஞ்சை இருக்கினம்?" என்றாள். "முதுகு நோகுது தங்கச்சி, லீவும் எடுக்கேலாது போலை" என்று இழுத்தார். "முதுகு நோவுக்கு இஞ்சையும் டொக்டர்மார் இருக்கினம். நீங்கள் வராட்டி நான் கலியாணத்தை நிப்பாட்டுவன்" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் அவருக்கு உடம்பு கூசும். அழுதாலும் அப்படித்தான். பிறகு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. திரு, திருமதி இரத்தினகோபால் தம்பதிகளின் ஏக புதல்வன் என்று பொன்னெழுத்தில் இருந்தது. இரண்டு விரலால் அந்த வரியை இழுத்துப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், எழுத்தெல்லாம் கலங்கித் தங்கப் புள்ளியாகிப் போகும் மட்டும் பெரிதாக்கினார். அமரர் என்ற சொல் எங்கேயும் இல்லை. இருக்க வேண்டும். திருவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அமரர் என்று போட வேண்டும் என்பது உலகத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காததால் ஒரு பெண் இருபத்தொன்பது வருடமாக நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாய், வராத ஒருத்தனுக்கு விரதம் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அந்தக் கடவுச்சீட்டு விஷயம். டிக்கெட்டைத் தானே போடுவதாக நிதுஷன் சொன்னான். தான் எடுத்துக்கொள்வதாக அவர் மூன்று தரம் மறுத்தார். பெடியன் கெட்டிக்காரன், அவரிடம் கேட்பதை விட்டுவிட்டு ஆரணியிடம் கேட்டான். இருபத்திரண்டு வயது மகள், அப்பாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது அவர் கையிலிருந்த சோற்றைத் திருப்பித் தட்டில் வைத்தார். "ஏன் அப்பா, பெயர் எழுத்துப் பிழைக்கக் கூடாதெல்லோ?" என்றாள். பிழைக்கவில்லை பிள்ளை, ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. அப்பன் பெயரைப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் போடுகிற எங்கள் வழக்கத்தில் அவள் ஆரணி இரத்தினகோபால். வியன்னாவில் அவன் நிதுஷன் இரத்தினகோபால். கடிதாசியைப் பார்த்தால் அண்ணனும் தங்கையும். பார்த்தவர்கள் ஊரில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் என்று சொல்லித் தள்ளிவிடலாம். நிதுஷனும் அப்படித்தான் தள்ளியிருப்பான். ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த திகதியும் இருக்கிறதே. புருஷனுடைய பிறந்த நாளுக்கு வருடா வருடம் கோயிலில் அர்ச்சனை செய்கிறவளுக்கு அந்தத் திகதி தெரியாமல் போகுமா? அதற்குப் பிறகு மூன்று கிழமை ரஞ்சிதமலரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஞாயிறு தவறாமல் வருகிற போன் வரவில்லை. டிக்கெட் மட்டும் வந்தது, அதோடு நிதுஷனின் ஒரு வரி: அம்மா எயார்போட்டுக்கு வருவா மாமா. டிக்கெட்டில் திரும்பி வரும் நாளைப் பெடியன் பிழையாகப் போட்டிருந்தான், செப்டம்பர் இரண்டுக்குப் பதிலாக ஒக்டோபர் இரண்டு. மாதத்தை மாற்றி அழுத்திவிட்டான் போல. தொழிற்சாலையில் கொடுத்தது ஐந்தே நாள் லீவு. இறங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இப்படி ஒரு சின்னக் காரியம் கையில் இருப்பது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

விமானம் எழும்பியது. கடிகாரத்தைப் பார்த்தார், பத்து இருபத்திரண்டு. கீழே கடல், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் காற்றாலைகள், பிறகு முகில். இதே ஐரோப்பாவை ஒருகாலத்தில் அவரும் இரத்தினகோபாலும் எப்படிக் கடந்தார்கள்! கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவில் ஐந்து மாதம் ஒரு அறையில் பதினாறு பேர், பிறகு லொறி, பிறகு நடை, பிறகு போலந்தில் ஒரு கோழிப் பண்ணையில் ஒளிப்பு. அந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர ஒன்பது மாதம். இந்தப் பறவை ஒன்பது மாதத்தை இரண்டு வாய் கோப்பிக்குள் முடித்துவிடும். அந்த ஒன்பது மாதமும் கோபால் தன் பையை யாரிடமும் கொடுத்ததில்லை. பொலித்தீனில் சுற்றி, அதன் மேல் இன்னொரு பொலித்தீன் சுற்றி, சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டிய சின்னப் பை. உள்ளே பிறப்புச் சாட்சிப் பத்திரம், எட்டு மாதம் சிறையில் கிடந்ததற்கான கடிதம், சமாதான நீதவானின் கடிதம், ரஞ்சிதமலர் கைக்குழந்தையோடு நிற்கிற ஒரு படம். "இதுதான் மச்சான் உயிர். ஆளில்லாமல் பை போனாலும் அகதி அந்தஸ்துக் குடுப்பாங்கள், பை இல்லாமல் ஆள் போனால் திருப்பி அனுப்புவாங்கள்" என்று பகிடி விடுவான். பூலோகத்திடம் கடிதாசி ஒன்றும் இல்லை, எல்லாம் மொஸ்கோவில், எல்லை கடத்திவிடக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் பறித்துக்கொண்டான். "உனக்கென்னடா, உன்ரை மூஞ்சையைப் பாத்தாலே இரக்கப்பட்டுக் குடுப்பாங்கள்" என்று அதற்கும் ஒரு பகிடி. கோழிப் பண்ணையில் கூட்டமெல்லாம் தும்மிக்கொண்டு கிடந்தபோதும் அவன் வாய் ஓயவில்லை. நல்லவன் என்று சொல்ல முடியாது, ரொட்டியில் பெரிய பாதியை அவன்தான் எடுப்பான். எடுத்துவிட்டு, உனக்கு வயிறு சின்னது என்பான். அந்த ரொட்டிக்காக அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தது இப்போதும் நெஞ்சைக் குடைகிறது.

சாப்பாட்டு வண்டி வந்தது. கோப்பி வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார். சொல்லுவதா விடுவதா என்ற கேள்வி ஒன்றும் புதிதில்லை, ஆனால் இந்த முறை அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. சொன்னால் கலியாணம் நின்றுவிடும். சாவு எப்போது நடந்ததென்பது கணக்கில்லை, கேட்ட நாள்தான் நாள்; கேட்ட நாளிலிருந்து முப்பத்தொரு நாள் துடக்கு என்கிற தீட்டு, நல்ல காரியம் ஒன்றும் ஆகாது; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. இது அவருக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். அவருடைய பெரியப்பா மகன் வன்னியில் செத்தது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. ஆரணி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு வைக்க மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சொல்லி, நாலு நாள் இருக்கும்போது செய்தி வந்தது. ஐந்து வருடப் பழைய சாவுதானே, சடங்கை முடித்துவிட்டுப் பார்ப்போமே என்று பெண்சாதி சுகிர்தா கெஞ்சினாள். வியன்னாவிலிருந்து ரஞ்சிதமலர்தான் போனில் தீர்ப்புச் சொன்னாள்: "காதாலை கேட்ட நாள்தான் நாள், அண்ணை. கேட்டாப்பிறகு கேளாத மாதிரி இருக்கேலாது." மண்டபம் கைவிட்டுப் போனது. இப்போது அவளிடமே போய், கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, தங்கச்சி கோபால் செத்துப் போனான் என்று சொல்வதா? சொல்லாமல் இருந்தால் செத்தவனின் மகனுக்குச் செத்தவனின் இடத்தில் நின்று, செத்தவனின் பெயரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தலைப்பா கட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பாவி அவர்தான். வேறு ஆளே கிடையாது.

பன்னிரண்டு வருடம் காணாவிட்டால் கருமம் செய்யலாம் என்று ஐயர் ஒருத்தர் அவளுக்கு எடுத்துச் சொன்னாராம். அவள் ஒப்பவில்லை. "கண்ட ஒருத்தர் வந்து வாயாலை சொல்லட்டும். அதுமட்டும் நான் பொட்டை அழிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டாளாம். அதையும் அவரிடமேதான் சொன்னாள். சொன்ன அன்றைக்கு அவர் போனுக்கு இந்தப் பக்கம் விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ட ஒருத்தர். டென்மார்க் முகாமிலிருந்து அவளுக்கு எழுதிய முதல் கடிதத்தில், பொலிஸ் கலைத்ததில் எல்லாரும் சிதறிவிட்டோம், கோபால் மற்றக் கூட்டத்தோடு போயிருப்பான், வந்து சேருவான் என்று எழுதினார். எழுதும்போது பாதி அவரும் நம்பினார். வந்தால் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார், கடன் வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பது போல. முகாமில் அதிகாரி பையைத் திறந்து இது நீயா என்று கேட்டான், அவர் பேசாமல் நின்றார். மொழிபெயர்க்க வந்த தமிழர் மெல்ல, "ஓமெண்டு சொல்லும் தம்பி, நல்ல கடிதாசி" என்றார். ஓம் என்றார். அந்த ஒரு ஓமில் வேலை, வீடு, கலியாணம், மகள் எல்லாம் முளைத்தன. அதைக்கூட மன்னிக்கலாம். இன்னொன்று இருக்கிறது, அதை அவராலேயே மன்னிக்க முடியாது. மூன்றாம் வருடம் அவள் போனில் நிற்காமல் அழுதபோது, அந்த அழுகையை நிறுத்த வேண்டும் என்பதற்காக மட்டும், "ஒரு பெடியன் இத்தாலிப் பக்கம் கோபாலைக் கண்டவனாம்" என்று சொன்னார். அழுகை உடனே நின்றது. கனடாவுக்குக் கூப்பிட்ட சொந்தத் தமையனை விட்டுவிட்டு, ஒரு தெரிந்த முகமும் இல்லாத வியன்னாவுக்குப் பிள்ளையோடு அவள் வந்து இறங்கினாள். ஏன் தங்கச்சி வியன்னா என்று கேட்டதற்கு, "இஞ்சையிருந்து இத்தாலி கிட்ட, அண்ணை. றெயினிலை போகலாம்" என்றாள். போயிருக்கிறாள். விடுமுறைக்கு விடுமுறை, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராய், புருஷனின் படத்தைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இறைவா, அந்தப் பொய்க்கு எத்தனை கிலோமீட்டர்!

பதினொன்று எட்டு. நாற்பத்தாறு நிமிடம். ஒலிபெருக்கியில் விமானி பேசினான், முன்னால் காற்றுக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது, பட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள், இடப்பக்கம் போலந்து, வலப்பக்கம் ஜெர்மனி, முகில் மட்டும் இல்லாவிட்டால் எல்லை ஆற்றைக் காட்டியிருப்பேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். பூலோகம் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் கீழே பார்த்தார். தொழிற்சாலையில் மலை மலையாகக் குவிகிற ஆஸ்பத்திரி விரிப்பு மாதிரி வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அன்றைக்கும் பனிமூட்டம் இப்படித்தான் இருந்தது. நவம்பர் மாதம், விடிகிற நேரம், ஏழு பேர். தண்ணீர் இடுப்புக்குத்தான் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். கோபால் கட்டை, அவர் நெட்டை. கரையில் நின்று கோபால் முதன்முதலாகப் பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். "நீ தலைக்கு மேலை தூக்கிப் பிடி. என்ன போனாலும் போகட்டும் மச்சான், பையை மட்டும் விட்டிடாதை." ஒரு கையில் பை, மறு கையில் கோபால். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது, பிறகு குளிர் மட்டும்தான் இருந்தது, உடம்பு இருக்கவில்லை. நடு ஆற்றில் அவருக்குக் கால் வழுக்கியது. எதையாவது பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரு கையைத் திறக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை என்று இத்தனை வருடமும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டார், அது பொய். நேரம் இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் அந்த நொடிக்குள் பையை விட்டிடாதை என்ற குரல் முழுதாகக் கேட்டது. அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். பையை விடவில்லை. கோபாலின் விரல்கள் ஒவ்வொன்றாகப் போனது இப்போதும் உள்ளங்கையில் தெரிகிறது. கத்தவில்லை அவன். எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருக்கிறவன், ஒரு சத்தமும் போடாமல் போனான். பொலிசுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தானோ? மற்ற ஆறு பேரும் பிடிபடக் கூடாதென்று நினைத்தானோ? பெரிய பாதி ரொட்டியை எடுக்கிறவன் அப்படி நினைப்பானா? இந்த இடத்தில் வந்துதான் ஒவ்வொரு முறையும் யோசனை முட்டுகிறது, முட்டித் திரும்பிக் கரைக்குப் போய், பையை வாங்கி, மறுபடி தண்ணீரில் இறங்குகிறது. ஒரு முறையாவது அந்தக் கை திறக்காமல் இருக்கட்டும் என்று இறங்குகிறது. விமானம் சட்டென்று ஒரு பள்ளத்துக்குள் விழுந்தது போலக் குலுங்கியது. யாரோ கத்தினார்கள். கோப்பி மடியில் கொட்டியது. பூலோகத்தின் கை தொடைக்கடியிலிருந்து தானாக வெளியே வந்து பக்கத்துக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டது.

குலுக்கம் நாலைந்து நிமிடம் இருந்திருக்கும். அவள் மற்றக் கையால் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினாள். எல்லாம் அடங்கி, வண்டிகள் மறுபடி உருளத் தொடங்கிய பிறகு அவர் பக்கம் திரும்பி, "எல்லாம் போய்விட்டது. இனி விடலாம்" என்றாள். அவர் விட நினைத்தார். விரல் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று கையை அப்படியே விட்டு வைத்தாள். அவர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பதினொன்று இருபத்தைந்து ஆனபோது அந்த ஆறு எங்கேயோ பின்னால் போய்விட்டது. நடந்து வர ஒன்பது மாதம் எடுத்த இடத்தைப் பறந்து தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைத் தாண்டித்தான் அவரால் ஒரு நாளும் போக முடியவில்லை.

வியன்னாவுக்கு மேலே விமானம் ஒரு வட்டம் அடித்தது. அவர் சொல்ல வேண்டியதை உருப்போட்டுப் பார்த்தார். தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளும். வேண்டாம், மன்னிப்பை முதலில் கேட்பது வியாபாரம். தங்கச்சி, கோபால் இத்தாலியிலை இல்லை. அதுவும் வேண்டாம், எங்கே என்று கேட்பாள், ஆறு என்று சொல்ல வேண்டும், சொன்னால் அதே இடத்தில் துடக்கு. அவள் கேட்காவிட்டால்? கடவுச்சீட்டை அவள் பார்க்கவே இல்லையென்றால்? அப்படியானால் தலைப்பாவைக் கட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை பொம்பிளையோடு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். அந்த நினைப்பு வந்தபோது நெஞ்சு லேசானது. லேசானதை அறிந்ததும் தன் மீதே அருவருப்பு வந்தது. பொலித்தீனில் இருந்த படத்தை, கைக்குழந்தையோடு நிற்கிற அந்தப் படத்தை, கைப்பைக்குள் வைத்து எடுத்து வந்திருக்கிறார். அதையாவது கொடுத்துவிட வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டது. கடிகாரத்தைப் பார்த்தார், ஓடு பாதையில் ஊர்ந்து கதவு திறக்கும்போது சரியாக ஒரு மணி நாற்பது நிமிடம். அந்த இணையப் பக்கம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கிழவி எழும்பும்போது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் அவர் முதலில் பார்த்தது முகத்தை அல்ல, நெற்றியை. பொட்டு இருந்தது. வட்டமாய், பெரிதாய், எப்போதும் போல. ரஞ்சிதமலர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். அவரைக் கண்ட பிறகும் அவள் கண் ஒரு நொடி அவருக்குப் பின்னால், கதவுக்குள், அடுத்து வருகிற ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பழக்கதோஷம். எத்தனை றெயில் நிலையத்தில், எத்தனை கதவில் அப்படிப் பார்த்திருப்பாள்.

"வாங்கோ அண்ணை. தம்பி காரை நிப்பாட்டப் போயிட்டான், இப்ப வந்திடுவான். பயணம் எப்படி?"

"பிழையில்லை, தங்கச்சி."

"எவ்வளவு நேரம் பறந்தனீங்கள்?"

"ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிசம்."

"அவ்வளவுதானோ" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுத் திகைத்தவள் மாதிரிச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தார். "தங்கச்சி, நான் உமக்கு ஒண்டு சொல்லவேணும். நான்…"

"வேண்டாம் அண்ணை." ரஞ்சிதமலர் சட்டென்று கையை உயர்த்தினாள். "சொல்லாதேங்கோ. நான் கேக்கேல்லை. நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை."

பக்கத்தில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் விலகிப் போகும் மட்டும் பொறுத்து நின்றுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கடை பாஸ்போட்டைக் கண்டனான். பெயரையும் கண்டனான், பிறந்த திகதியையும் கண்டனான். மூண்டு கிழமை பாயை விட்டு எழும்பேல்லை, காய்ச்சலெண்டு தம்பிக்குச் சொன்னனான். அவன் பாவம், அவனுக்கு ஒண்டும் தெரியாது. கண்ணாலை கண்டது துடக்கில்லை அண்ணை. வாயாலை சொல்லிக் காதாலை கேட்டால்தான்."

பூலோகத்துக்குத் தலை நிமிரவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை என்ரை பிள்ளைக்குத் தலைப்பா கட்டுங்கோ. அவரின்ரை பெயரோடை இருக்கிற ஆள் கட்டட்டும், அதுவாவது நடக்கட்டும். திங்கட்கிழமை விடிய முழுகிப்போட்டு இருப்பன். அப்ப சொல்லுங்கோ. எங்கை, எப்படி, கடைசியா என்ன சொன்னவர், எல்லாம். ஒண்டும் விடக் கூடாது." முந்தானையால் கண்ணை ஒற்றினாள், பொட்டில் படாமல் கவனமாக ஒற்றினாள். "அதுக்குப் பிறகு உங்களை மன்னிப்பனோ இல்லையோ, எனக்குத் தெரியாது."

ஓம் என்பது போலத் தலையாட்டினார். ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. வாய்க்கு வந்தது அந்தச் சின்னக் காரியம்தான். "தம்பி திரும்பிற ரிக்கெற்றை மாதம் மாறிப் போட்டிட்டான் போலை. ஒக்டோபர் இரண்டெண்டு கிடக்கு. எனக்கு அஞ்சு நாள்தான் லீவு…"

"அது பிழையில்லை. நான்தான் நாளைப் பாத்துப் போடச் சொன்னனான்" என்றாள் ரஞ்சிதமலர்.

நிதுஷன் ஓடி வந்தான். கோபாலின் அதே கட்டை உருவம், அதே சிரிப்பு. "மாமா, வாங்கோ! பையைத் தாங்கோ" என்று கையை நீட்டினான். அவர் விரல் பையில் பூட்டிக்கொண்டு நின்றது. பெடியன் விளங்காமல் தாயைப் பார்த்தான். "குடுங்கோ அண்ணை, அது அவன்ரைதான்" என்றாள் அவள். பூலோகம் விரலைத் திறந்து பையை விட்டார்.

இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். வெறுங்கையோடு பின்னால் போன பூலோகம், பெருவிரலால் மற்ற விரல்களின் இரேகையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். செப்டம்பர் ஒன்று, திங்கட்கிழமை, அவள் கேட்கப்போகிற நாள். அதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. வாகனத் தரிப்பிடம் வந்தபோது எண்ணி முடித்திருந்தார். முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி நாள், ஒக்டோபர் ஒன்றில் வந்து நின்றது. மறுநாள் அவருக்கு விமானம்.